மராமத்துக் கணக்கு

“அப்பத்தா, இன்னொருக்க வைங்க. நல்லா அமுத்தி வைங்க.”

ரேஷன் கடைத் தம்பி இதை ஏழாவது தடவையாகச் சொன்னார். அம்மா கட்டைவிரலை முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். தண்ணீர் தொட்டுத் துடைத்துப் பார்த்தாயிற்று. தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி வைத்துப் பார்த்தாயிற்று. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், அப்புறம் இடது கை. சிவப்பு வெளிச்சம் எரியும் அந்தச் சின்னக் கண்ணாடி ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் சொன்னது. வரிசையில் எங்களுக்குப் பின்னால் பதினைந்து பேராவது இருப்பார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எல்லார் வீட்டிலும் இப்படி ஒரு கை இருக்கிறது.

“நாத்து நட்ட கை தம்பி இது. ரேகை எங்கிட்டு இருக்கும்?” என்றாள் அம்மா.

அவள் கையை வாங்கிப் பார்த்தேன். நாற்பது வருடம் சேற்றில் நாற்று ஊன்றிய விரல்கள். நுனி மட்டும் புளியங்கொட்டை போல வழுவழுவென்று இருந்தது. வெளிச்சத்தில் திருப்பினால் கோடுகள் தெரிந்தன. அவை பித்தவெடிப்பு மாதிரி குறுக்கே ஓடிய வெடிப்புகள். பிறக்கும்போது கொண்டுவந்த ரேகை வயலோடு போய்விட்டது.

கைரேகை விழாவிட்டால் கண்ணைப் பார்க்கிற கருவி உண்டு. அன்றைக்கு அது பழுது, சர்வீசுக்குப் போயிருந்தது. போனுக்கு ஓடிபி அனுப்பிக் கொடுக்கவும் வழி உண்டு. அம்மாவின் கார்டோடு சேர்ந்த நம்பர் என் தம்பியுடையது. அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிப்டில் நிற்கிறான், போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஓடிபி திருப்பூர் போய் யாரும் பார்க்காமல் காலாவதி ஆனது. அம்மா மஞ்சள் பையை மடித்துக் கக்கத்தில் செருகிக்கொண்டு, “சரி தம்பி, நாளைக்கு வாரேன்” என்று சொல்லிவிட்டு நடந்தாள். அரிசி மூட்டை அவளுக்கு இரண்டு அடி தள்ளித்தான் இருந்தது.

அந்தக் கடைத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. மெஷினில் ஏறாத அரிசியை அளந்து கொடுத்தால் இருப்பில் குறை விழும், அதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். தராசையும் பில் மெஷினையும் ப்ளூடூத்தில் கோத்த பிறகு ஒவ்வொரு பொருளும் எடை ஏறினால்தான் பில் வரும். அவரும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால்தான் நிற்கிறார், வேறு பக்கத்தில்.

இதை எழுதுகிற நான் கம்ப்யூட்டரை வைத்துப் பிழைக்கிறவள். மதுரைக்கு வடகிழக்கே, பெரியாற்றுக் கால்வாய் பாயும் ஊர்ப்பக்கம் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகின்றன. ஒரு சான்றுக்கு 60 ரூபாய். ஒரு நாளில் நான் அதிகம் சொல்கிற வாக்கியம், “ஓடிபி வந்துருச்சாத்தா?” என்பதுதான். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து ஜூன் கடைசி வரை என் கடைத் திண்ணையில் இடம் இருக்காது. முன்பெல்லாம் ஒரு வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ.வைப் பார்க்க ஒரு நாள், ஆர்.ஐ.யைப் பார்க்க ஒரு நாள், தாசில்தார் கையெழுத்துக்கு ஒரு நாள் என்று கூலியை விட்டு அலைவார்கள். இன்று விண்ணப்பம் தானாக ஒவ்வொரு மேஜையாகப் போகிறது. நான் கண்ணால் பார்த்த மாற்றம் இது. மெஷினைத் தூக்கிப் போடு என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். மெஷினை வாங்கி வைத்துவிட்டு அரசாங்கம் எழுந்து போய்விடுகிறதே, அதைத்தான் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் இது முதல் தடவை இல்லை.

2001 கடைசியில் மேலூர்ப் பகுதியில் ஒரு திட்டம் தொடங்கியது. அதன் பெயர் ‘சாரி’. சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம்தான் அடிப்படை. அமெரிக்காவின் எம்ஐடி, ஹார்வர்டு ஆய்வாளர்களும் சேர்ந்திருந்தார்கள். டெலிபோன் கம்பியே சரியாக வராத ஊர்களுக்கு, ஒரு கோபுரத்திலிருந்து காற்று வழியாகப் பேச்சும் இணையமும் ஒன்றாகக் கொடுப்பது நோக்கம். கோபுரத்தைப் பார்த்து மாடியில் ஒரு ஆண்டெனா, வீட்டுச் சுவரில் ‘வால்செட்’ என்கிற வெள்ளைப் பெட்டி, கீழே ஒரு கம்ப்யூட்டர், பிரிண்டர், வெப்கேமரா, கரண்டு போனால் தாங்க பேட்டரி. மொத்தம் சுமார் 50,000 ரூபாய் ஆகும். எங்கள் ஊர் மையத்தை எனக்கு வைத்துக் கொடுக்க அப்பா, அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தார், மீதிக்குக் கடன் வாங்கினார். எனக்கு அப்போது 21 வயது. டைப்ரைட்டிங் லோயர் முடித்திருந்தேன். அதுதான் என் தகுதி.

வேகம் 35 கிலோபிட், நன்றாக இருந்தால் 70. இன்றைக்கு ஒரு போட்டோகூட அதில் ஒழுங்காகத் திறக்காது. ஆனால் எங்கள் தெருவுக்கு அது போதுமானதாக இருந்தது. சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போன மகனுக்கு அம்மாக்காரி சொல்லச் சொல்ல நான் தட்டி அனுப்புவேன். “நல்லா இருக்கோம்னு போடு. அப்பாவுக்கு மேலுக்குச் சுகமில்லைன்னு போடாத.” இப்படி ஒவ்வொரு வீட்டின் நல்லதும் கெட்டதும் என் விரல் வழியாகப் போயிற்று.

எனக்கு இன்றும் மறக்காதது கண் படம். ஊரில் பார்வை மங்கியவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, வெப்கேமராவைக் கழற்றிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, டார்ச் அடித்து, படம் எடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மின்னஞ்சலில் அனுப்புவோம். என்ன தொந்தரவு, எவ்வளவு நாளாக என்று கூடவே எழுதுவோம். புரையா, உடனே வரணுமா, சொட்டு மருந்து போதுமா என்று பதில் வரும். ஒரு பஸ் டிக்கெட்டையும் ஒரு நாள் கூலியையும் எண்ணிப் பார்த்துக் கண்ணைத் தள்ளிப்போட்டவர்கள்தான் எங்கள் ஊரில் பாதிப் பேர். அந்தப் பதிலைப் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தால், படிக்கத் தெரியாவிட்டாலும் நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொள்வார்கள். அதோடு மதுரைக்குப் போவார்கள். போகாமல் இருந்தவர்களைப் போகவைத்தது அந்தக் காகிதம்.

நாலைந்து வருடத்தில் எல்லாம் வாடியது. வால்செட் பழுதானால் சரிசெய்ய ஆள் வர ஒரு வாரம், பிறகு ஒரு மாதம், பிறகு வரவே இல்லை. சான்றிதழ் விண்ணப்பம் மின்னஞ்சலில் போனால் அதைத் திறந்து பார்க்கிற, கம்ப்யூட்டர் பழகிய அலுவலர் மாறுதலில் போனார். அடுத்து வந்தவருக்கு அதில் பயிற்சி இல்லை, பயிற்சி கொடுக்க யாரும் நியமிக்கப்படவும் இல்லை. அனுப்பிய விண்ணப்பங்களுக்குப் பதில் நின்றது. ஜனங்கள் பழையபடி பஸ் ஏறினார்கள். இதை யார் மேலும் குற்றமாகச் சொல்லவில்லை, மாறுதல் என்பது அரசு வேலையில் இயல்பு. பின்னாளில் அந்தத் திட்டத்தை ஆராய்ந்து எழுதியவர்களும் இதையே குறித்திருக்கிறார்கள். மையம் இருந்த ஊர்களில் பிறப்பு, இறப்புச் சான்றுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் விண்ணப்பம் போட்டவர்கள் கூடினார்கள். ஆனால் பயிற்சி பெற்ற ஆட்கள் மாறிய பிறகு நீண்ட நாளுக்கான பணமும் பொறுப்பும் இல்லாததால் அது நிலைக்கவில்லை. திட்டம் தோற்றது என்று ஒரே வார்த்தையில் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது வேலை செய்தது. வேலை செய்துகொண்டிருந்ததை யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. அம்மாவின் சங்கிலி திரும்பி வர 2009 ஆனது.

இதே மாவட்டத்தில், இதே மாதிரித் தொழில்நுட்பத்தில் வேறொன்று இன்றும் உயிரோடு இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் கணக்குப் போடுவேன்.

அரவிந்த் 1976-ல் 11 படுக்கையோடு மதுரையில் தொடங்கியது. அரசு மருத்துவப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கினார். 1992-ல் அவர்களே ஆரோலேப் என்று ஒன்றை ஆரம்பித்து, கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். அதுவரை வெளிநாட்டிலிருந்து வந்த லென்ஸின் விலை ஏழை வீட்டுக்கு எட்டாத விலை. அது பத்தில் ஒரு பங்காக இறங்கியது. 2004 வாக்கில் தேனிப் பக்கத்தில் சின்னச் சின்னக் கண் பரிசோதனை மையங்கள் திறந்தார்கள். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆட்களோடு சேர்ந்து, பல கிலோமீட்டர் தாண்டிப் போகிற வைஃபை இணைப்பில், ஊரில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணை மருத்துவமனையில் இருக்கிற டாக்டர் பார்க்கிற ஏற்பாடு. நாங்கள் டார்ச் அடித்து எடுத்த படத்தின் வளர்ந்த பிள்ளைதான் அது. இன்று அப்படிப்பட்ட மையங்கள் நூற்றுக்கும் மேல்.

என்ன வித்தியாசம்? நான் ஒரு மையத்துக்கு அம்மாவைக் கூட்டிப் போயிருக்கிறேன், புரை எடுத்த பிறகு சோதனைக்கு. கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கிற ஸ்லிட் லேம்ப் கருவிக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் போலக் கிராமத்துப் பெண், அவர்களே பயிற்சி கொடுத்து, சம்பளம் கொடுத்து உட்காரவைத்தது. அம்மாவின் தாடையைப் பிடித்துத் தாங்கியில் வைத்து, “மேல பாருங்க பாட்டி, இப்பக் கீழ” என்றாள். திரையில் டாக்டர் பேசினார். நடுவில் படம் உறைந்தது. அந்தப் பெண் பதறவில்லை. ஒரு கேபிளைக் கழற்றி மாட்டினாள், சரியாகவில்லை, போன் எடுத்தாள், ஐந்து நிமிடத்தில் படம் வந்தது. யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. போனின் மறுமுனையில் எடுக்க ஒரு ஆள் இருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பெண்ணின் சம்பளமும் அந்த ஆளின் சம்பளமும் மையத்தைத் திறக்கிற அன்றே கணக்கில் ஏறிவிட்டன.

எங்கள் தாத்தா பொதுப்பணித் துறையை ‘மராமத்து இலாகா’ என்றுதான் சொல்வார். மராமத்து என்றால் பழுதுபார்ப்பது. பாலமும் அணையும் கட்டுகிற ஒரு துறையை ஜனங்கள் பழுதுபார்க்கிற வேலையின் பெயரால் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு இதன் அர்த்தம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேற்கே ஓடிய பெரியாற்றை 1895-ல் அணை கட்டிக் கிழக்கே திருப்பினார்கள். அந்தத் தண்ணீர் வைகையில் சேர்ந்து, கால்வாய் வழியாக மேலூர்ப் பக்கம் வந்து சேர்கிறது. நாங்கள் கடைமடை, தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற இடம். பென்னிகுவிக் படத்துக்கு எங்கள் வீடுகளில் பொங்கலுக்கு மாலை போடுவார்கள், அது உண்மையான நன்றி. ஆனால் அணை நிறைந்த வருடத்திலும் கடைமடை காய்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அணையில் தண்ணீர் இருந்தது. நடுவில் வாய்க்கால் தூர்ந்து, ஷட்டர் துருப்பிடித்துக் கிடந்தது.

கண்மாய்க்கு நீர்பாய்ச்சி என்று ஒரு ஆள் இருப்பார். எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்பது அவர் பொறுப்பு. அறுவடை முடிந்து களத்தில் நெல் அளக்கும்போது அவர் பங்கைத் தனியாக அளந்து வைத்துவிடுவார்கள். கண்மாயைத் தூர்வாருவது ஊரார் சேர்ந்து செய்கிற குடிமராமத்து. அந்த ஏற்பாட்டில் சாதியும் அடக்குமுறையும் இருந்தன, அதைத் திரும்பக் கொண்டுவர நான் கேட்கவில்லை. அதில் இருந்த ஒரு அறிவைத்தான் சொல்கிறேன்: கண்மாய் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு ஆளும் வருடா வருடம் ஒரு செலவும் உண்டு என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. 2017-ல் தமிழக அரசு குடிமராமத்தை 100 கோடி ரூபாயில் மறுபடி தொடங்கியபோது நான் சந்தோஷப்பட்டேன். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். திருமலை நாயக்கர் வெட்டிய குளம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதற்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். சில வருடத்துக்கு முன் பனையூர்க் கால்வாயைச் சரிசெய்து வைகைத் தண்ணீரை விட்டதும் குளம் நிறைந்தது. புதிதாக எதுவும் கண்டுபிடிக்கவில்லை. வந்துகொண்டிருந்த வழியை அடைத்திருந்த மண்ணை எடுத்தார்கள்.

பட்ஜெட்டில் இதற்கு மரியாதை கிடையாது. அரசாங்கச் செலவை மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்று இரண்டாகப் பிரிப்பார்கள். புதிதாகக் கட்டினால், வாங்கினால், அது மூலதனச் செலவு. சம்பளம், பழுதுபார்ப்பு, மின்கட்டணம், பயிற்சி எல்லாம் வருவாய்ச் செலவு. தமிழ்நாட்டின் 2025-26 பட்ஜெட்டில் வருவாய்ச் செலவு 3,73,204 கோடி, மூலதனச் செலவு 57,231 கோடி. டிவி விவாதங்களில் முதல் எண்ணைச் சொல்லும்போது குரல் மாறும், ஏதோ வீண்செலவு மாதிரி. இரண்டாவது எண் கூடினால் பாராட்டு. மத்திய அரசு 2020-21-லிருந்து மூலதனச் செலவுக்கென்றே மாநிலங்களுக்கு 50 ஆண்டு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறது. இருப்பதைப் பழுதுபார்க்க அப்படி ஒரு கடன் இல்லை. ஆக, ஒரு அதிகாரி நல்ல பெயர் எடுக்க வேண்டுமானால் புதிய கருவி ஆயிரம் வாங்க வேண்டும். போன வருடம் வாங்கிய ஆயிரத்தில் பழுதான இருநூற்றைச் சரிசெய்தால் அவர் செலவைக் கூட்டிவிட்டவர் ஆகிறார். ரேஷன் கடையில் கண் பார்க்கும் கருவி சர்வீசுக்குப் போய்த் திரும்பாததன் வேர் இங்கே இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

ஸ்மார்ட் சிட்டியையும் இதே கண்ணால்தான் பார்க்கிறேன். 2016-ல் மதுரை அந்தப் பட்டியலில் சேர்ந்தபோது ஊரே பேசியது. ஒரு நகரத்துக்கு மத்திய அரசு 500 கோடி, அதே அளவு மாநிலத்தின் பங்கு. பெரியார் பஸ் ஸ்டாண்டை இடித்துக் கட்டினார்கள், வைகைக் கரையில் வேலை நடந்தது, கோயிலைச் சுற்றிய தெருக்களில் கல் பதித்தார்கள். 2025 மார்ச்சோடு அந்தத் திட்டம் முடிந்தது. கட்டியதெல்லாம் இனி மாநகராட்சியின் பொறுப்பு, வீட்டுவரியும் தண்ணீர் வரியும் வசூலித்துத்தான் அதைக் காப்பாற்ற வேண்டும். முதல் ஐந்து வருடத்துக்குக் கோடிகள் கொடுத்தவர்கள், ஆறாவது வருடத்துக்கு ஒரு வரி எழுதி வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இலவசம், வீண் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒட்டாது. மதுரையில் தொடங்கி வைத்த ஒன்றையே உதாரணமாகச் சொல்லலாம். 2022 செப்டம்பர் 15 அன்று நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் முதலமைச்சர் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள், 1,14,095 பிள்ளைகள், 33.56 கோடி ரூபாய். ஊர்ப்பக்கப் பள்ளிகளில் சுயஉதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். அந்தத் திட்டத்தில் ஆள்தான் திட்டம். சமைப்பவர் வராத நாளில் உப்புமா இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும், அதனால் அவர் வருவதற்கு ஏற்பாடு இருக்கிறது. அடுப்பை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு யாராவது சமைத்துக்கொள்வார்கள் என்று விட்டிருந்தால்? கம்ப்யூட்டர் விஷயத்தில் நாம் அதைத்தான் செய்கிறோம்.

மெஷினுக்கு ஆதரவாக ஒரு நியாயம் உண்டு, அதை நான் மதிக்கிறேன். போலி கார்டு, கடத்தல் அரிசி, எடையில் திருட்டு, எல்லாம் இருந்தது. எங்கள் ஊரில் செத்துப்போனவர் பெயரில் சீனி வாங்கிய கதைகள் எனக்குத் தெரியும். மெஷின் வந்த பிறகு, நாம் வாங்காததை வாங்கியதாக எழுதினால் போனுக்கு மெசேஜ் வந்து காட்டிக்கொடுக்கிறது. அது நல்ல காரியம். ஆனால் திருடனைப் பிடிக்கப் போட்ட வலையில் கிழவி சிக்கினால், வலையைப் போட்டவர் வந்து அவளை எடுத்துவிட வேண்டும். 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் நலத்திட்டங்களுக்கு ஆதார் கேட்கலாம் என்று சொன்னது. கைரேகை பொருந்தவில்லை என்ற காரணத்துக்காக உரியவருக்கு மறுக்கக் கூடாது என்பதும் அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. டெல்லியில் பதிவான அந்த வரி ரேஷன் கடைப் படிக்கட்டு வரை இறங்கி வரவில்லை. அதுவும் கடைமடைதான்.

தமிழக அரசு இதை உணராமல் இல்லை. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் என்று தொடங்கி, 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே ரேஷன் கொண்டுபோய்க் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். வண்டியில் தராசும் பில் மெஷினும் வருகின்றன. உடம்பு மெஷினிடம் போக முடியாது என்றால் மெஷின் உடம்பிடம் வரட்டும் என்று நினைத்ததே பெரிய விஷயம், மனதாரப் பாராட்டுகிறேன். அம்மாவின் கார்டில் தம்பி பெயரும் இருப்பதால் அந்தப் பட்டியலில் வரவில்லை. அவனை நீக்கிவிடலாமே என்று பலர் சொன்னார்கள். அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள். “அவன் பேரு இந்த வீட்டுல இருக்கட்டும்” என்கிறாள். ஒரு கார்டில் பெயர் இருப்பதற்கு அவளுக்கு வேறு அர்த்தம் இருக்கிறது, எந்த மென்பொருளும் அதைக் கேட்டதில்லை.

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. ஒரு கருவி வாங்குவதற்கு அரசாணை போடும்போதே, அது பழுதானால் யார் வருவார், எத்தனை நாளில் வருவார், பத்து வருடத்துக்கு அதற்கு எந்தத் தலைப்பில் பணம் என்று அதே அரசாணையில் எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால் வாங்க வேண்டாம், இருக்கிற நோட்டிலேயே எழுதிக்கொள்ளலாம். ஒவ்வொரு ரேஷன் கடையிலும், கைரேகையும் கண்ணும் ஓடிபியும் பொய்த்தால் விற்பனையாளர் தன் பொறுப்பில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அன்றே பொருள் கொடுக்க உரிமை இருக்க வேண்டும். அந்த உரிமையை அவர் பயமில்லாமல் பயன்படுத்துகிற மாதிரி எழுத்தில் இருக்க வேண்டும், மேலதிகாரி வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. எங்களைப் போன்ற இ-சேவை மையங்களுக்குச் சர்வர் நின்றால் கூப்பிட ஒரு நம்பர் வேண்டும், எடுக்க ஒரு ஆள் வேண்டும். சேர்க்கை நாட்களில் மதியம் இரண்டு மணிக்குத் திரை உறைந்து நிற்கும்போது, சாயங்காலம் கடைசி நாள் என்று ஒரு பெண்பிள்ளை என் எதிரில் அழுகிறாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் “கொஞ்சம் பொறும்மா” என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. பதினோரு வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் வேண்டும். எத்தனை மூட்டை அரிசி விற்றது என்பதற்குக் கணக்கு இருக்கிறது, எத்தனை சான்றிதழ் கொடுத்தோம் என்பதற்கு விளம்பரமே வருகிறது. வந்து வாங்காமல் திரும்பி நடந்தவர்களின் கணக்கை எந்தக் கடைச் சுவரிலும் நான் பார்த்ததில்லை. அதை எழுதி வெளியே தொங்கவிட்டால் போதும், பாதிப் பழுது தானாகச் சரியாகும் என்று நினைக்கிறேன். எண்ணப்படாத ஆளுக்காக எந்தத் தலைப்பிலும் பணம் ஒதுக்க மாட்டார்கள்.

அம்மா மூன்றாவது நாள் போனாள். தம்பி அன்று இரவு ஷிப்ட், பகலில் அறையில் இருந்தான். நான் முன்னாலேயே பேசி, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரச் சொல்லியிருந்தேன். அவன் எண்களைச் சொல்ல, நான் கடைத் தம்பியிடம் சொல்ல, பில் வந்தது. அரிசியும் சீனியும் கிடைத்தன. பாமாயில் தீர்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். தேதி, தெரு, வயது, எதற்கு வந்தார், ஏன் திரும்பினார், எத்தனையாவது தடவை. பெயர் எழுதுவதில்லை. என் கடையிலிருந்து வேலை முடியாமல் திரும்புகிறவர்களை மட்டும் எழுதுகிறேன், எனக்கு எட்டியது அவ்வளவுதான். வருவாய்த் துறை வருடா வருடம் நடத்துகிற ஜமாபந்தி வரும்போது மனுவோடு சேர்த்துக் கொடுக்க உத்தேசம். இன்று மதியம் எழுதியது: மேலத்தெரு, 71, முதியோர் உதவித்தொகை, கைரேகை விழவில்லை, நான்காவது தடவை, பேரன் சைக்கிளில் கூட்டி வந்தான்.